ஓடையில் விடப் போன மீன்

சூரியநெல்லியில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள் நான். மகளுக்காக வாங்கிய கண்ணாடித் தொட்டியில், அழுக்கைத் தின்னும் 'டேங்க் க்ளீனர்' மீன் ஒன்றும் இருந்தது. விரல் நீளத்தில் வந்தது, முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, தொட்டியே போதவில்லை. அப்போது தவக்காலம்; எங்கள் வீட்டில் மீன், கறி தொடுவதில்லை. அதைக் கொல்லவும் மனம் வரவில்லை. வேலை முடிந்த கையோடு வாளியில் எடுத்துக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துக்குக் கீழே உள்ள ஓடைக்குப் போனேன்.

வாளியைச் சாய்க்கும்போது, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு செல்வி கத்தினாள்.

"யக்கா, ஊத்தாதீங்க! கீழ செக்டேம்ல யாரோ இதே மாதிரி மீன விட்டு, இப்ப வலையப் போட்டா இந்தச் சனியன்தான் வருது. நம்ம ஓடை மீனோட முட்டையெல்லாம் தின்னுருதுக்கா!"

பதற்றத்தில் வாளி கை நழுவியது. பாறையில் விழுந்த மீன் தண்ணீரை நோக்கித் துள்ளியது. தேயிலைச் செடி உரசாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, அதன்மேல் போட்டு அமுக்கினேன். தண்ணீருக்கு ஒரு சாண்தான் பாக்கி. வாளியில் தண்ணீர் மொண்டு, மீனைத் திரும்ப அதில் போட்டேன்.

ஒரு உயிருக்கு இரக்கப்பட்டு, ஓடையையே அழிக்கப் பார்த்தேனே!

மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எவ்வளவு பெரிதாக வளரும் என்று கேட்காமல் இப்போது எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. துணி துவைக்கும்போது ஓடையின் குட்டி மீன்கள் காலைக் கடித்தால், முன்பு உதறுவேன். இப்போது காலை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டிக்கொடுக்கிறேன்.