நாலு கட்டை சுருதி

இது நடந்தது. கேட்டவர்கள் சாரல் காற்று என்றார்கள், பசி மயக்கம் என்றார்கள், நாடகக் கொட்டகைப் புத்தி என்றும் சொன்னார்கள். அந்தக் காரணங்களையெல்லாம் முதன்முதலில் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தவன் ஞானசிகாமணிதான். ஒன்றும் பொருந்தவில்லை. நாள், மணி, தந்தியின் நிலை எல்லாவற்றையும் அன்றன்றைக்கே நோட்டில் குறித்து வைத்தான். அந்தக் குறிப்பில் உள்ளதுதான் இங்கே இருக்கிறது. கூட்டியது எதுவும் இல்லை.

1911ஆம் வருஷம், ஆனிக் கடைசி. சாத்தான்குளத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்து பாளையங்கோட்டையில் இறங்கியபோது சிகாமணிக்கு இருபத்திரண்டு வயது. கையில் ஒரு பிடில். மூட்டையில் இரண்டு வேட்டி, ஒரு பூட்டு. தூத்துக்குடியில் ஒரு நாடகக் கம்பெனியில் நான்கு வருஷம் வாசித்தவன். கம்பெனி கலைந்துவிட்டது.

ஆடி மாத ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் புதுப் பாட்டு ஒன்றுக்கு மெட்டுப் போட ஆள் வேண்டும் என்று ஒரு சபையின் குருவானவர், எல்லாரும் ஐயர் என்று கூப்பிடுபவர், சொல்லி அனுப்பியிருந்தார். வார்த்தைகள் அவருடையவை.

"மெட்டு நீர் போடும். பண்டிகையன்று சபை எழுந்து நின்று பாடினால் பிடில் வேலை உமக்கு. இல்லையென்றால் ஊருக்குப் போய்விடும்" என்றார் ஐயர்.

ஊருக்குப் போவது என்றால் பனையேறுவது. அப்பா அவனுக்கென்றே ஒரு பாளை அரிவாளைத் தீட்டிச் செருகி வைத்திருந்தார். சிகாமணி கிளம்பும்போது அதை எடுத்துக் காட்டியும் இருந்தார்.

முதலில் தங்க இடம் வேண்டும். அம்பலவாண பிள்ளை வீட்டு மாடி காலியாக இருந்தது.

"பிடிலா? பேஷா வாசியும். நமக்குச் சங்கீதம்னா உசிரு" என்றார் பிள்ளை. பிறகு பெயரைக் கேட்டார். அப்பா பெயரைக் கேட்டார். "வேதக்காரரா... மாடியில கரையான் வே. வேற இடம் பாரும்."

அவனைப் போலவே வேதக்காரரான, அதாவது கிறிஸ்தவரான, ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போனான். பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கையிலிருந்த உறையைப் பார்த்ததும் சுருங்கியது. "அதுக்குள்ள என்ன, பிடிலா? கொட்டகையில வாசிச்ச பிடிலா? கொமருப் பொண்ணு இருக்கிற வீடு தம்பி."

இப்படி ஒன்பது வீடு. பத்தாவது பாக்கியவதியம்மாளின் வீடு. தெருக் கடைசி. கொல்லைப்புறத்தில் தனியாக ஓர் ஓட்டு அறை.

"நான் பிடில் வாசிப்பேன், அம்மா."

"என்னது?"

"பிடில்! சத்தம் வரும்!"

"வரட்டுமே" என்றாள். "எனக்குக் காது கேக்காம ஏழு வருசம் ஆச்சு. நீ பீரங்கியே வெடிச்சாலும் நான் சொகமா உறங்குவேன்."

அறை சுத்தமாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு மண்சட்டி. மூடி போட்டது. திறந்தால் பாதி வரை காய்ந்த சாம்பல். எடுத்து வெளியே வைக்கப் போனான்.

"அது கெடக்கட்டும்" என்றாள் பாக்கியவதியம்மாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவன் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

சிகாமணியிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சுருதியைக் குறைக்க மாட்டான். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண் தொண்டைக்கு ஒன்று, இரண்டு கட்டை சௌகரியம். நாலு கட்டைக்குப் போனால் கழுத்து நரம்பு வெளியே தெரியும். ஆனால் கொட்டகையில் கடைசிப் பலகைக்காரனுக்கும் கேட்க வேண்டும். நாலில் பாடுகிறவனே பாட்டுக்காரன். "சுருதி எறங்கினா சோறு எறங்காதுலே" என்று சொல்லிச் சொல்லித்தான் கம்பெனி வாத்தியார் அவன் விரலில் அடித்தார். தான் சொந்தமாக மெட்டுப் போடத் தகுந்தவன்தானா என்ற சந்தேகம் சிகாமணிக்குத் தினமும் வரும். சுருதியில் மட்டும் சந்தேகமே வந்ததில்லை.

சபைப் பாட்டுக்காரர்கள் எட்டுப் பேர். முதல் நாள் பாட்டுப் பழக்கத்திலேயே முனகினார்கள். அவர்களில் மூத்தவர் அப்பாத்துரை. நாற்பது வயதிருக்கும். அவர்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு கட்டைக்கு எறக்கும் வே."

"நாலுதான்."

"சொல்லுதேன்லா? எறக்கும்."

"முடியாதவங்க உக்காந்து கேக்கலாம்" என்றான் சிகாமணி.

மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பாத்துரை சிரிக்கவில்லை. "எங்கன தங்கியிருக்கீரு?" என்று மட்டும் கேட்டார். சொன்னான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

காலையில் வண்ணாரப்பேட்டைப் படித்துறைக்குப் போய் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். துவைகல்லில் துணி விழும் சத்தத்திலிருந்து பல்லவி கிடைத்தது. மூன்று நாளில் அனுபல்லவியும் வந்தது. சரணமும் வந்தது. கடைசி வரி மட்டும் வரவில்லை. மேலே ஏறி எங்கேயோ போக வேண்டிய வரி அது. எங்கே என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு. சோல்பா என்னும் மேல்நாட்டு முறையில் பாட்டை எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறே முக்காலுக்கு முடியும். ஏழு ஐந்துக்கு அறைக்கு வந்துவிடுவான். பாக்கியவதியம்மாள் வீட்டுக் கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடும். அதையும் கழித்துத்தான் நோட்டில் எழுதுவான்.

திங்கட்கிழமை. வகுப்புக்குப் போகுமுன் பிடிலை நாலு கட்டைக்குக் கூட்டி வைத்தான். திரும்பி வந்து வில்லைப் போட்டான். சுருதி இறங்கியிருந்தது.

சாரல் காலம்தானே, நரம்புத் தந்தி ஈரத்தில் இளகியிருக்கும் என்று நினைத்தான்.

பிறகு யோசித்தான். ஈரத்தில் ஒரு தந்தி அதிகம் இளகும், ஒன்று குறைவாக இளகும். இங்கே நான்கும் ஒரே அளவு இறங்கியிருந்தன. ஒன்றுக்கொன்று சுத்தமாகச் சேர்ந்திருந்தன. வகுப்பில் கொடுத்திருந்த சுருதிக் குழலை ஊதிப் பார்த்தான்.

சரியாக இரண்டு கட்டை.

செவ்வாய். அறையைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு போனான். வந்து பார்த்தபோது இரண்டு கட்டை.

புதன். தந்தியை முறுக்கும் பிருடைகள் நான்கையும் சேர்த்து நூலால் கட்டினான். முடிச்சில் மெழுகு உருக்கி விட்டான். ஏழு ஐந்துக்கு வந்தான். நூல் அறவில்லை. மெழுகு உடையவில்லை. பிருடை ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

இரண்டு கட்டை.

அன்று அவன் நோட்டில் எழுதியது இது: "வேறு வீடு தேடலாமா? ஒன்பது வீடு பார்த்தாயிற்று. பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. இந்த அறையை விட்டு நான் போக மாட்டேன்."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதே கதைதான். அவன் ஏற்றுவான். அது இறங்கியிருக்கும். இருவருமே விடவில்லை.

சனிக்கிழமை. மறுநாள் பண்டிகை. கடைசி வரி இன்னும் வரவில்லை. வகுப்பு கிடையாது. அன்று அவன் எங்கேயும் போகவில்லை. கதவைச் சாத்தி, விளக்கை ஏற்றி, பிடிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னைக்கு என் கண்ணு முன்னால எறக்கு, பாப்போம்" என்று உரக்கவே சொன்னான்.

மணி ஏழு. சாரல் ஓட்டில் விழும் சத்தம். ஏழு பத்து... ஒன்றுமில்லை. தன் மேலேயே அவனுக்குச் சிரிப்பு வந்தது.

ஏழு பதினெட்டு.

க்ரீ...ச்.

முதல் பிருடை அசைந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரோ விரலால் திருப்புவது போலப் பொறுமையாகத் திரும்பியது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

அவன் திருப்பி ஏற்றினான்.

இறங்கியது.

ஏற்றினான்.

இறங்கியது. இம்முறை பிருடை அவன் விரலுக்குள்ளேயே திரும்பியது. விரல் மேல் இன்னொரு விரல் பட்டதுபோல்... ஜில்லென்று.

ஓடியிருக்கலாம். கதவு மூன்று அடி தூரத்தில்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவனுக்கு அப்பாவின் அரிவாள் ஞாபகம் வந்தது. பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"இது என் பிடில். நாலு கட்டைதான்!" என்று கத்தினான். "பாடணும்னா இதுல பாடும்!"

நான்கு தந்தியையும் ஏற்றினான்.

காத்திருந்தான்.

இறங்கவில்லை.

ஓட்டில் சாரல் நின்றது.

ஏழு முப்பத்தொன்று. இருமல்... ஒரே ஒரு தடவை. ஜன்னல் பக்கம்.

வில்லைப் போட்டான். பல்லவியை வாசித்தான். காதுக்குப் பக்கத்தில் மூச்சு இழுக்கும் சத்தம். அப்புறம் குரல்.

ஆண் குரல். இனிமையான குரல். அவனுடைய மெட்டை அவனோடு சேர்ந்தே பாடியது.

அனுபல்லவியில் ஏறியது. சரணத்தில் நடுங்கியது. அந்த உயரம் அந்தத் தொண்டைக்கு இல்லை. சிகாமணிக்கு அது தெரிந்தது. தெரிந்தும் வில்லை நிறுத்தவில்லை.

கடைசி வரி வந்தது. அவனுக்கு அது தெரியாது. குரலுக்குத் தெரிந்திருந்தது.

மேலே... இன்னும் மேலே...

"ம். போ" என்றான் சிகாமணி.

குரல் விரிந்தது. உடைந்தது. உடைந்தபடியே உச்சியைத் தொட்டது. நின்றது.

பிறகு இருமல். ஈரமான இருமல். நிற்கவே இல்லை.

பிடிலின் மேல் சொட்டென்று ஏதோ விழுந்தது.

அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

ஏழு நாற்பது.

விளக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பலகை காய்ந்தே இருந்தது. ஜன்னலுக்குக் கீழே இருந்த சட்டியைத் திறந்தான். சாம்பலின் நடுவில், ஒரு கையகலம், ஈரம்.

மூடியைப் போட்டான். கடைசி வரியை நோட்டில் எழுதினான். விடியும்வரை விளக்கை அணைக்கவில்லை. வீட்டை விட்டும் போகவில்லை.

காலையில் பாக்கியவதியம்மாள் காப்பித்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"நேத்து நல்லாப் பாடுன தம்பி. எனக்கே அழுகை வந்திட்டு."

சிகாமணி அவள் முகத்தையே பார்த்தான். அவள் காதருகே குனிந்து கத்திச் சொன்னான்: "நான் பாடல. பிடில்தான் வாசிச்சேன்."

"பிடிலா?" அவள் சிரித்தாள். "பிடில் எனக்கு எங்க தம்பி கேக்கப் போவுது?"

பண்டிகையில் பாட்டு ஏறியது. பல்லவியிலேயே பின்வரிசை எழுந்தது. அனுபல்லவியில் சபை முழுவதும் எழுந்தது. பாட்டுக்காரர்கள் நரம்பு புடைக்க நாலு கட்டையில் பாடினார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்று சிகாமணிக்கு அப்போதே தெரிந்தது.

கடைசி வரியைச் சிகாமணி பிடிலில் முன்னே வாசிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு குரல் மட்டும் நின்றுபோனது. சிகாமணி திரும்பிப் பார்த்தான். அப்பாத்துரை வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

ஆராதனை முடிந்ததும் அவர் சிகாமணியைக் கிணற்றடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"அந்தக் கடைசி வரி மெட்டை யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான் தங்கியிருக்கிற அறையில கெடச்சது" என்றான் சிகாமணி.

"அந்த அறையில வேதமாணிக்கம்னு ஒருத்தன் இருந்தான். சபைக்கே முதல் குரல் அவன்தான். காசநோய். வெளியில சொல்லல. மூணு வருசத்துக்கு முந்தி, இதே பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, அந்த அறையில பாட்டுப் பழகிக்கிட்டு இருந்தோம். 'ரெண்டு கட்டைக்கு எறக்குங்கண்ணே, தாங்கல'ன்னான். பிடில்காரன் கேக்கல. 'நாலுதாம்லே. முடியாதவன் உக்காந்து கேளு'ன்னான்." அப்பாத்துரை துண்டால் முகத்தைத் துடைத்தார். "மெட்டு அவனே போட்டது, அவன் பாடப் பாடத்தான் எங்களுக்குத் தெரியும். கடைசி வரி மேல ஏறும்போது வாயால ரத்தம் வந்திட்டு. அவன் துப்புறதுக்கு வச்சிருந்த சாம்பல் சட்டியை எடுத்து நீட்டுறதுக்குள்ள போயிட்டான். அந்த வீட்டுக் கடியாரத்துல ஏழு நாப்பத்தேழு."

சிகாமணியின் மனம் தானாக ஏழு நிமிஷத்தைக் கழித்தது.

"பிடில் வாசிச்சது யாரு?" என்று கேட்டான்.

அப்பாத்துரை இடது கையை விரித்துக் காட்டினார். நான்கு விரல் நுனியிலும் தந்தி அறுத்த பழைய காய்ப்பு.

"அன்னைக்கு வச்ச வில்லை இன்னும் தொடல வே. அந்த வரியில பாதிதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல அவன் பாடவே இல்ல. இன்னைக்கு நீரு முழுசா வாசிச்சீரு."

மறுநாள் திங்கட்கிழமை. ஐயர் வேலை உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டார். அறையை மாற்றிக்கொள்ளும்படி அப்பாத்துரை இரண்டு தடவை சொன்னார். சிகாமணி மறுத்துவிட்டான். சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, தானே பிடிலை இரண்டு கட்டைக்கு இறக்கினான். "சௌகரியமாப் பாடும்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். பிருடைகளை நூலால் கட்டி, மெழுகு வைத்து, கதவைப் பூட்டினான்.

ஏழு ஐந்துக்கு வந்து பூட்டைத் திறந்தான். நூல் அப்படியே இருந்தது. மெழுகு அப்படியே இருந்தது.

வில்லைப் போட்டான்.

நாலு கட்டை.