அக்கா சொன்ன பாதி அர்த்தம்

செய்யாறு கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் போன் கடினமான ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. "பாலியேட்டிவ். குணமாக்க முடியாத நோயில் வலியை மட்டும் தணிப்பது." எனக்கு ஆரணியில் எங்கள் தறிவீடு நினைவுக்கு வந்தது.

அக்கா அப்போது பத்தாவது. ஆங்கில அகராதியில் யாருக்கும் தெரியாத சொல்லாகப் பார்த்து, தறிச் சத்தத்துக்கு மேல் கத்துவாள். அம்மா அறுந்த இழையை முடிந்துகொண்டே திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பாள். "நாக்கு சுளுக்கிக்கினு பூடும்டி!"

அம்மாவின் வயிற்றுக் கட்டியைப் பார்த்த வேலூர் டாக்டர் 'பாலியேட்டிவ்' என்ற இதே சொல்லைத்தான் சொன்னார். அப்பா அக்காவிடம் திரும்பினார். "இன்னாம்மா சொல்றாரு?"

"வலி இல்லாம பாத்துக்குவாங்களாம்பா."

அப்பா சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் பூரி வாங்கித் தந்தார். அவர் கை கழுவப் போனபோது அம்மா அந்தச் சொல்லை அக்காவிடம் கேட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்தது.

"மீதி இன்னாடி?"

அக்கா அழுதாள்.

"சரி, வுடு. உங்கப்பாக்கு இவ்ளோ போதும்" என்று அம்மா தன் பூரியை என் தட்டில் வைத்தாள்.

தீபாவளிக்கு முன்பே அம்மா போய்விட்டாள். என் படிப்பும் அதோடு நின்றது. சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "டாக்டர் சொன்ன மாதிரியே வலி இல்லாம பாத்துக்கினாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள்.

பக்கத்துப் பெண் அந்தச் சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கரெக்டா சொல்றேனாங்க?" என்றாள்.

"கரெக்டா கீதும்மா" என்றேன்.