இடது பக்கம் கொஞ்சம் கம்மி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயரில் ஒரு பழுதும் இல்லை. பழுது என்னுடைய இடது காதில். என்னையும் என் வீட்டுக்காரியையும் தவிர, எங்கள் வீட்டுப் படியேறிய அத்தனை பேருக்கும் இது எட்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது. ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! மரியாதையாமா மரியாதை.

கணபதியில் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு மோட்டாருக்குள்ளே போகிற தகடுகளை பவர் பிரஸ் மிஷினில் டமார் டமார் என்று அடித்துக் கொடுக்கிற தொழில். ஓடுகிற மோட்டாரைத் தூரத்தில் நின்று கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவேன். எனக்கு இருந்த ஒரே கர்வம் அந்தக் காதுதான். அந்தக் கர்வத்தில்தான், காரை மாற்ற வைத்திருந்த பணத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன்.

அவினாசி ரோட்டில் அந்தக் கடை. மூன்று மாதம், சனிக்கிழமை தவறாமல் போய் சோபாவின் இடது ஓரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டேன். கடைசியில் பிடித்துப்போன பெட்டிக்கு முகப்பில் ஒரே ஒரு திருகுதான் இருந்தது.

"பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ் எல்லாம் எங்கீங்க?" என்றேன்.

"இந்த ரேஞ்சுல அதெல்லாம் வராதுங்க" என்றார் கடைக்காரர், ஏதோ நான் நட்சத்திர ஓட்டலில் பழைய சோறு கேட்டுவிட்ட மாதிரி.

விலை ஏற ஏறத் திருகு குறைகிற சாமானை அன்றைக்குத்தான் பார்த்தேன். முப்பத்தெட்டு கிலோ. இரண்டு பேர் முக்கி முனகித் தூக்கிவந்து வைத்தார்கள். போட்டு அரைமணி நேரத்தில் மேல்மூடி தோசைக்கல்லாகச் சுட்டது. "ஏனுங்க, இதுமேல வடகம் காயப்போடலாமுங்களா?" என்றாள் வீட்டுக்காரி. நான் முறைத்த முறைப்பில் உள்ளே போய்விட்டாள்.

பாட்டைப் போட்டேன். நடுவில் நின்று பாட வேண்டிய பாடகியம்மா வலது பக்கமாக ஒதுங்கி நின்று பாடினார். பழைய பெட்டியில் இரண்டு பக்கச் சத்தத்தையும் சரிக்கட்டுகிற பேலன்ஸ் திருகு இருந்ததே, அதை நானே கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் திருப்பிக்கொண்டே வந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. புதுசில் அதற்கு வழியில்லை. இடது பக்கம் கம்மி. அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போச்சு.

கடைக்காரர் வந்தார். கேட்டார். காபி குடித்தார். "லேசாக் கம்மியாத்தானுங்க இருக்குது" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் வீட்டில் காபி குடித்துவிட்டு அவர் சொன்னதை இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. நானே எத்தனையோ வீட்டில் அப்படித் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் என் வீட்டில் மற்றவர்கள் தலையாட்டியபோது அது எனக்குச் சாட்சியாகிவிட்டது.

ஒயரை மாற்றினோம். கம்மி. ஸ்பீக்கர்கள் இரண்டையும் இடம் மாற்றினோம். கம்மி. பெட்டியையே திருப்பி அனுப்பி வேறு பெட்டி வந்தது. அதுவும் கம்மி. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற என் மச்சான் வந்து, கண்ணை மூடிக் கேட்டு, "ஆமாங்க மாமா, ஏமாத்திப்போட்டானுங்க" என்று பல்லைக் கடித்தார். அவருக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்டதாம். இப்போது சொல்கிறார்!

அப்புறம் வாஸ்துக்காரர் வந்தார். இடது மூலையில் பாரம் போதவில்லை என்றார். மூன்று மூட்டை ஆற்று மணலை ஹாலில் இறக்கினேன். மணல் வந்த பிறகு இடது பக்கம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குதுங்க" என்றார். இல்லையே, கம்மியாக இருக்கிறதே என்றேன். "கம்மியாவும் இருக்குதுங்க" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வீர்கள்?

கடைசியில் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். மெட்ராஸ்காரர். காபி வேண்டாம் என்றபோதே எனக்குச் சுருக்கென்றது. மணல் மூட்டைகளைப் பார்த்தார், தாண்டி வந்து பாட்டைப் போட்டார். "சார், ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

"இப்ப எந்த ஸ்பீக்கர் கம்மி?"

"இப்ப... அந்த இன்னொண்ணு கம்மிங்க."

"அப்ப பெட்டி இல்ல சார். உங்க லெஃப்ட் காது. டாக்டரைப் பாருங்க."

'இல்லீங்க' என்று ஒரு இழுவை இல்லை, ஒரு தயக்கம் இல்லை. வந்த கோபத்தில் அவரை வாசல்வரை போய் வழியனுப்பக்கூட இல்லை. உள்ளே வந்து அதே மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டேன். மறுபடியும் கேட்டேன். மறுநாள் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

திருச்சி ரோட்டில் காது டாக்டர் பரிசோதித்தார். இத்தனை வருஷமும் பிரஸ் எந்தக் காதுப் பக்கம் இருந்தது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். அந்தச் சத்தத்தில் போன கேட்கும் திறன் திரும்பாது, மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். மிஷின் எத்தனை வாட்ஸுங்க என்று கேட்டேன். வாய் வழக்கமாகிவிட்டது, என்ன செய்ய.

வீட்டுக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அவள் எப்போதும்போல் இடது பக்க சீட்டில். கார் வாங்கிய நாளிலிருந்து அவள் இடம் அதுதான். சிங்காநல்லூர் சிக்னலில் தற்செயலாகத் திரும்பினேன். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்ன அம்மணி?"

அவள் பேச்சை நிறுத்தி என் முகத்தையே பார்த்தாள். கார்ப் பயணத்தில் அவள் பேசுவதில்லை என்று நான் நினைத்திருந்தேன். வயசாக வயசாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு அமைதி வந்துவிடுகிறது என்று சிநேகிதர்களிடம் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன்.

"ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன். இறங்கிச் சுற்றி வந்து, பின் சீட்டில் எனக்கு நேர் பின்னால், வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலாளியம்மாளும் டிரைவரும் மாதிரி அப்படியே கொஞ்ச தூரம் போனோம். அப்புறம் கேட்டாள்.

"எங்கம்மா தவறிப்போன பொறகு ஆனைமலைக் கோயிலுக்குப் போயிட்டு வந்தமே. வழி நெடுக நான் பேசிப் பேசி அழுதனே. அதுவும் கேக்கலீங்களா?"

அந்தப் பயணம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்குகிறாள் என்று நினைத்தேன். எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

"கேக்கல அம்மணி" என்றேன். கண்ணை நீர் மறைத்தது, ரோடு தெரியவில்லை.

"நான் என்னென்னவோ நெனச்சுப்போட்டனுங்க" என்றாள். பிறகு என் தோளில் கை வைத்து, சீட்டின் நுனிக்கு நகர்ந்து, ஆனைமலைப் பேச்சிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். வீட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டே போனேன்.