ஒரு லிட்டரில் சிதம்பரம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, சிதம்பரத்தில் வேலை. நடுவில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தூரத்தை என் பழைய ஸ்கூட்டரில்தான் போய் வந்துகொண்டிருந்தேன். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "பஸ்ஸு இருக்குது, ரயிலு இருக்குது, வண்டி எதுக்கு?" என்பார். எதுக்கென்றால் என்ன சொல்வது? வீட்டில் என் பிள்ளைகள் இரண்டு, வேலையிடத்தில் ஊசியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டும் அடுத்தவர் பிள்ளைகள். இரண்டுக்கும் நடுவில் யாரும் என்னை எதுவும் கேட்காத ஒரு மணி நேரம் அது. வாய்விட்டுப் பாடிக்கொண்டு போவேன், தப்பும் தவறுமாக. பஸ்ஸில் அதைச் செய்ய முடியாது.

ஒரு வருஷம் மழை விட்டதும் வண்டி பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. லிட்டருக்கு ஐம்பது கொடுத்துக்கொண்டிருந்த வண்டி நாற்பதுக்கு இறங்கியது. என் கணவர் காத்திருந்தவர் போலப் பிடித்துக்கொண்டார். "முன்னெல்லாம் மூணு நாளைக்கு ஒருக்கா பங்க்குக்குப் போவ. இப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்கா போற. பேசாம பஸ்ஸுல போ."

பேசாமல் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கே முதுநகரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் மைலேஜ் குறைகிறது என்று சொன்னேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கை நகை எடுப்பது போல எடுத்தார். முனை ஊசியாக இருந்தது. "இத போட்டுப் பாருங்க மேடம், வண்டி பறக்கும்" என்றார். நானும் நம்பினேன். பளபளவென்று எதைக் காட்டினாலும் நம்புகிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

வண்டி பறக்கவில்லை. பத்து நாளில் காலையில் கிளம்பவே அடம்பிடித்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை முழுக்கக் கரி.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் உறவுக்காரக் கல்யாணத்துக்காகப் பெண்ணாடம் போயிருந்தார். போனில் பிடித்தேன். பின்னணியில் நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"அது ரேஸ் ஓட்டுற வண்டிக்கும்மா," என்று கத்தினார். "சூட்ட சட்டுனு எறக்கி உட்டுடும். நீங்க நாப்பது ஸ்பீடுல போறவுங்க. பிளக்கு சூடானாத்தான அதுல படியிற கரி எரியும்? பழைய நம்பரே வாங்கிப் போடுங்க. கேப் மட்டும் பாத்துக்குங்க. ஆக்ஸா பிளேடு கனம் இருந்தா போதும்."

பிளக்கின் நடுமுனைக்கும் அதன் மேல் கொக்கி போல வளைந்து நிற்கும் கம்பிக்கும் இடையில் உள்ள சந்தைத்தான் கேப் என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தச் சந்தைத் தாண்டித்தான் தீப்பொறி குதிக்க வேண்டும். அதை அளக்க இரும்பு அறுக்கும் ரம்பத்தின் உடைந்த பிளேடை அண்ணன் உள்ளே விட்டுப் பார்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதென்ன பெரிய வித்தை? நாள் முழுக்க மைக்ரோலிட்டர் கணக்கில் ரத்தம் அளப்பவள் நான்.

பழைய நம்பர் பிளக் வாங்கினேன். வீட்டில் கிடந்த ஆக்ஸா பிளேடை எடுத்தேன். பிளேடு என்றால் பல்தானே முக்கியம்? பல் இருக்கும் பக்கத்தைச் சந்துக்குள் விட்டேன். போகவில்லை. கொக்கியை லேசாக நெம்பிப் பல் நுழைகிற அளவுக்குத் திறந்துவிட்டேன். மாட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கணவர் எதிரே பெருமையாக உட்கார்ந்தேன்.

மறுநாள் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி விக்கியது. எரியாத பெட்ரோல் வாடை மூக்கில் அடித்தது. அந்த வாரம் மைலேஜ் நாற்பதுக்கும் கீழே போனது. என் கணவர் பஸ் வரும் நேரத்தை ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஞாயித்துக்கெழம டேங்க்க காலி பண்ணிட்டு ஒரே ஒரு லிட்டர் ஊத்துறேன்," என்றேன். "சிதம்பரம் போய்ச் சேந்துட்டா வண்டியப் பத்தி இனிமே நீங்க வாயத் தொறக்கக் கூடாது. நடுவுல நின்னுட்டா திங்கக்கெழமையிலேருந்து நான் பஸ்ஸு."

"சரி. ஆனா நானும் பின்னால ஒக்காந்து வருவேன்."

"தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் எடை எண்பத்தைந்து கிலோ என்பது படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் ஊர் திரும்பியதும் வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டுபோனேன். பிளக்கைக் கழற்றினார். சந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எதால அளந்தீங்க?"

"நீங்க சொன்ன பிளேடாலதான்."

"எந்தப் பக்கத்தால?"

சொன்னேன். மனிதர் சிரித்த சிரிப்பில் எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். பிறகு தன் பிளேடுத் துண்டை எடுத்துக் காட்டினார். அதில் பல்லே இல்லை, கிரைண்டரில் வைத்து மழித்திருந்தார். பல் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதால் அந்த ஓரம் பிளேடின் முதுகைவிடத் தடிப்பாம். "கேப்பு ஜாஸ்தியாப் போச்சுன்னா பொறி தாண்டாதும்மா. ஏத்தத்துல முறுக்கும்போது அப்பப்ப உட்டுடும். எரியாத பெட்ரோலு அப்படியே சைலன்சர் வழியா போயிடும்." கொக்கியை இரண்டு தட்டுத் தட்டி அளவுக்குக் கொண்டுவந்தார். "ஒண்ணு சொல்றேன். பிளக்கு புதுசா மைலேஜ் குடுக்காது. நீங்க தொலைச்சத திருப்பிக் குடுக்கும், அவ்ளோதான்."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அண்ணன் தன் கடை வாசலிலேயே டேங்க்கை வடித்துவிட்டு ஒரு லிட்டர் ஊற்றினார். இன்னொரு லிட்டரைக் கேனில் அடைத்துச் சீட்டுக்கு அடியில் வைத்தார். என் கணவர் ஏறி உட்கார்ந்ததும் பின்சக்கரம் தாழ்ந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. தெருவில் தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். ஆலப்பாக்கம் போனது, புதுச்சத்திரம் போனது. நெல்லிக்குப்பம் ஆலையில் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் டிராக்டர்கள் இரட்டை டிரெய்லர்கள் கடகடக்கப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றின் பின்னாலேயே பொறுமையாகப் போய், சாலை விரிந்த இடத்தில் ஹாரன் அடித்துவிட்டு முந்தினேன். வண்டி விக்கவில்லை. ஆனால் என் தோளில் ஒரு கை வந்து இறுக்கியது. பு.முட்லூர் வரை அந்தக் கை எடுக்கப்படவே இல்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மெல்ல மெல்ல முறுக்கினேன். நின்றால் இங்கேதான் நிற்கும். நிற்கவில்லை. சிதம்பரத்துக்குள் நுழைந்ததும் நான் பாடவே ஆரம்பித்துவிட்டேன், பின்னால் ஆள் இருப்பதை மறந்து. கீழ வீதிக்குள் திரும்பிப் பத்துக் கடை தாண்டியதும் இருமி, இழுத்து, நின்றது. இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"என்ன சொல்றீங்க இப்ப?"

காபி வாங்கிக் கொடுத்தார். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பெட்ரோல்லாம் ஒரு சாக்கும்மா," என்றார். "அந்த ரோட்டுல ஆம்புலன்ஸ் போற சத்தம் கேட்டாலே எனக்குக் கை காலு ஓடறதில்ல. பயமா இருக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

இவ்வளவு நாளாக மைலேஜுக்காக இவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேனே என்று இருந்தது. கோபம் வரவில்லை. அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நான் எப்படி ஓட்டுறேன்னு பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"நாளைக்கும் வண்டியிலதான் போவேன்."

"போ" என்றார். சீட்டைத் தூக்கிக் கேனை எடுத்து அவரே பெட்ரோல் ஊற்றினார். திரும்பும்போது அவர் ஓட்டுவார் என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். சாவியை என்னிடமே நீட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். வெள்ளாறு தாண்டியதும் என் முதுகில் பாரம் கூடியது. "ஏங்க" என்றேன். புதுச்சத்திரம் வருவதற்குள் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போயிருந்தார். நெடுஞ்சாலையென்றும் பாராமல் லேசாகக் குறட்டை வேறு. இடது கையால் அவர் கையை இழுத்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு முப்பதில் ஓட்டி வந்தேன்.