மீசையில்லாத பாட்டுக்காரி

யோகலிங்கத்துக்கு மனிதரை மதிப்பிட ஒரே வழிதான் தெரியும். காற்சட்டை மடிப்பைப் பார்ப்பார். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு ட்ரை கிளீனிங் கடையில் ஐந்து வருடமாக நாள் முழுக்க நீராவிக்குள் நின்று அயன் பண்ணுகிறவருக்கு வேறு என்ன தெரியும் என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் கோபிக்க மாட்டார். என்னுடைய காற்சட்டையை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். அது போதும், எனக்கு அன்று முழுக்க வெட்கமாக இருக்கும்.

நான் கிருஷ்ணமூர்த்தி. அந்த நாளில் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவன். வீடு என்றால் மூன்று அறை, ஆறு ஆம்பிளைகள், ஒரு குளியலறை. சனிக்கிழமை பின்னேரங்களில் ரிவியில் பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படங்கள் போகும். தொப்பி போட்ட ரவுடிகள், நைட் கிளப், அங்கே பாடுகிற ஒருத்தி, அவளுக்காக அடிபடுகிற இரண்டு பேர். யோகலிங்கம் அந்தப் படங்களைக் கோயிலுக்குப் போகிற பக்தியோடு பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது கதையை அல்ல.

"பார் மூர்த்தி, ஆறு குண்டு பட்டு விழுந்து கிடக்கிறான். மடிப்பு குலையேல்லை. ஆரோ நல்லா அயன் பண்ணியிருக்கிறான்," என்பார்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் சட்டன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கலைவிழாவுக்கு நாடகம் போடச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எல்லாரும் அரிச்சந்திரனையும் சத்தியவானையும் எதிர்பார்த்தார்கள். நான் விடுவேனா? நாங்கள் பார்த்த படங்களையெல்லாம் ஒன்றாகக் குழைத்து ஒரு கதை எழுதினேன். நைட் கிளப் முதலாளியான ஒரு ரவுடி, கிளப்பில் பாடுகிற ரோசா, அங்கே பியானோ வாசிக்கிற ஏழைப் பையன். ரவுடியும் பையனும் ரோசாவை விரும்புகிறார்கள். கடைசியில் பையனுக்கு வந்த குண்டை ரவுடி வாங்கிக்கொண்டு சாகிறான். ரவுடி நான்தான். எழுதுகிறவனுக்கு அந்த வசதியாவது இருக்க வேண்டாமா?

தாயாக நடிக்க நாலு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். நேர்ஸாக நடிக்க மூன்று பேர். கிளப்பில் பாடுகிறவள் என்றதும் மண்டபம் காலியாகிவிட்டது. "நாளைக்கு ஆர் அவளைக் கட்டுவினம்?" என்று ஒரு தகப்பன் என்னையே கேட்டார். சத்தியவான் நாடகமென்றால் சாவித்திரிக்கு வரிசையில் நின்றிருப்பார்கள். எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்கு வந்து யோகலிங்கத்தைப் பார்த்தேன். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல், நல்லாகப் பாடுவார்.

"அண்ணை, ரோசா நீங்கள்தான்."

"உனக்கு விசரோ? எனக்குக் கலியாணம் பேசியிருக்கு."

அது உண்மை. அவருக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று சம்பந்தம் வந்து வந்து குழம்பிப்போயிருந்தது. நாலாவதாக இல்ஃபோர்டில் சந்திரவதனா என்று ஒரு பெண். கவுன்சில் அலுவலகத்தில் வேலை, முப்பத்துமூன்று வயது. தமையன் ஜம்புநாதன்தான் வீட்டுக்குப் பெரியவர், சடங்கு சம்பிரதாயத்தில் ஒரு அணு பிசகாத ஆள். தையில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சந்தித்தது ஒரே ஒருமுறை, பதினொரு பேர் சுற்றியிருக்க அரை மணித்தியாலம். திரும்பி வந்த யோகலிங்கத்திடம் பெண் எப்படி என்று கேட்டோம். "சேலைக் கொசுவத்திலை ஆறு மடிப்பு. ஆறும் ஒரே அளவு," என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் விழுந்துவிட்டார் என்று எங்களுக்கு விளங்கிவிட்டது.

"இல்ஃபோர்ட் எங்கை, சட்டன் எங்கை? இடையிலை ஒரு ஆறே ஓடுது அண்ணை. அங்கை ஒருத்தருக்கும் தெரியவராது," என்று நான் சொன்னேன். மூன்று நாள் கெஞ்சினேன். கடைசியில் அவரை மடக்கியது என் கெஞ்சல் அல்ல, உடுப்பு. கடையில் வருடக்கணக்காக ஒருவரும் எடுக்க வராத உடுப்புகள் தொங்கின. முதலாளி, நாடகத்துக்கென்றால் கொண்டுபோ என்று விட்டுவிட்டான். அகலக் கழுத்துக் கறுப்புக் கோட்டு நாலு. மினுங்குகிற நீலத்தில் நிலம் தொடுகிற கவுன் ஒன்று. அந்தக் கவுனை அயன் பண்ணிவிட்டு அவரால் இன்னொருவருக்குக் கொடுக்க முடியவில்லை.

நாடகத்துக்கு முந்தின புதன்கிழமை அவருடைய மீசையை எடுத்தோம். முதல் கத்தரியை வைத்தவன் நான். இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம் என் கைதான்.

எங்கள் ஆட்களில் வளர்ந்த ஆம்பிளை திடீரென்று மீசையை எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம். வீட்டில் தாயோ தகப்பனோ போய்விட்டார்கள். யோகலிங்கத்தின் தகப்பன் எப்போதோ காலமாகிவிட்டார். தாய் மட்டும் யாழ்ப்பாணத்தில். அவர் ஒரே பிள்ளை. நாடகமென்று துள்ளித் திரிந்த எனக்கு இது ஞாபகத்திலேயே வரவில்லை. ஆறு ஆம்பிளைகள் இருந்த வீட்டில் ஒருவனுக்குமே வரவில்லை என்றால் பாருங்கள்.

வியாழக்கிழமை அவர் பால் வாங்கத் தெருமுனையில் தவநாயகி அக்காவின் கடைக்குப் போனார். இல்ஃபோர்ட் ஆட்களையும் தெரிந்தவ அவ. கழுத்தில் சுற்றிய மஃப்ளரால் வாயை மூடிக்கொண்டுதான் போனார். பணம் கொடுக்கும்போது அது நழுவிவிட்டது. அக்கா பார்த்தா. நாள் முழுக்க நீராவியில் நின்றதில் இவருடைய கண்ணும் சிவந்து கிடந்தது.

"என்ன யோகலிங்கம்... அம்மாவே?" என்று மெல்லக் கேட்டாவாம்.

அம்மா எப்படி இருக்கிறா என்று கேட்கிறா என்று இவர் நினைத்துவிட்டார். ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இவருக்கு நாலு மாதமாக ஒன்றும் வரவில்லை. மீசை வெட்கம் வேறு. பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு, பாலையும் விட்டுவிட்டு வந்துவிட்டார். அக்கா வேறு என்னத்தை நினைப்பா? அந்த வருடம் ஊர்ச் செய்தியை இரண்டாம் தரம் கேட்க ஒருவருக்கும் துணிவு இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் முன்னறையில் கடைசி ஒத்திகை. கறுப்புக் கோட்டுப் போட்ட நாலு பேர் சுவரோரம் நின்றோம். யோகலிங்கம் இன்னும் உடுப்பு மாற்றவில்லை. சாரமும் சேர்ட்டுமாக ஓரத்தில் இருந்து பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஜம்புநாதன், பின்னால் வெள்ளைச் சேலையில் சந்திரவதனா.

உள்ளே வந்தவர்கள் வரிசையாக நின்ற கறுப்புக் கோட்டுகளைப் பார்த்தார்கள். அவர்களுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் தீர்ந்திருக்கும். நான் பதறிப்போய் அவர்களை இருத்திவிட்டுத் தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். ஜம்புநாதன் கையைக் காட்டி வேண்டாம் என்றார். செத்தவீட்டில் எங்கள் சனம் பச்சைத்தண்ணியும் குடிக்காது. அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

"தம்பி, கேள்விப்பட்ட உடனை வெளிக்கிட்டு வாறம்," என்றார் அவர். "அம்மான்ரை காலம் முடிஞ்சுது, என்ன செய்யிறது? மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ. கலியாணத்தை வருசம் திரும்பினாப் பிறகு பாப்பம்."

யோகலிங்கம் எழும்பினார். எழும்பின மாதிரியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"எப்ப?" என்றார். "எப்ப அண்ணை? கடிதம் வந்ததோ? ஷெல்லோ?"

இல்ஃபோர்டுக்கு யாராவது கொழும்பு வழியாகச் செய்தி கொண்டுவந்திருக்கலாம் அல்லவா? அந்த நிமிடம் நானும் அந்த மனிசி செத்துவிட்டா என்றுதான் நம்பினேன். அவவை நான் பார்த்ததேயில்லை, ஆனால் அழுகை வந்தது.

ஜம்புநாதன் திகைத்துப்போனார். "உங்களுக்கு... தெரியாதோ? தவநாயகி அக்காதான் எங்களுக்குப் போன் எடுத்தவ."

"அவவுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களைக் கண்டவவாம். மீசை எடுத்திருந்ததெண்டு..."

யோகலிங்கம் விரலால் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு நிலத்தில் இருந்தபடியே ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "வேறை ஒண்டும் இல்லையோ? கடிதம் இல்லை, தந்தி இல்லை, ஆளும் வரேல்லை?"

"இல்லைத் தம்பி."

"அப்ப அம்மா இருக்கிறா," என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணீர் ஓடியது. சேர்ட்டின் முன்பக்கத்தால் முகத்தைத் துடைத்தார். சேர்ட் கசங்குவதைப் பற்றி அவர் கவலைப்படாததை அன்றுதான் பார்த்தேன்.

ஜம்புநாதனுக்கு இப்போது வேறு கேள்வி வந்துவிட்டது. "அப்ப மீசை ஏன் எடுத்தனீங்கள்?"

நான் பாய்ந்து விழுந்தேன். "நேர்த்தி அண்ணை! முருகனுக்கு ஒரு நேர்த்தி!" என் வாழ்க்கையில் இவ்வளவு அருமையான பொய்யை நான் சொன்னதில்லை. ஜம்புநாதனின் முகம் மலர்ந்தது. பக்தியுள்ள மாப்பிள்ளை! அத்தோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

"இல்லை அண்ணை," என்றார் யோகலிங்கம். "நேர்த்தி ஒண்டும் இல்லை. நாளைக்கு நாடகம். நைட் கிளப்பிலை பாடுற பொம்பிளையா நான் நடிக்கிறன். அதுக்குத்தான் எடுத்தனான்."

நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், காலால் தட்டினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "விடு மூர்த்தி. அம்மா உயிரோடை இருக்கிறா. இனி எனக்கென்ன வெக்கம்?"

சொல்லிவிட்டு மேலே ஓடிப்போய் அந்த நீலக் கவுனையும் தூக்கிக்கொண்டு வந்தார். சந்தோசம் தலைக்கேறிய மனிதரை யார் பிடிக்க முடியும்? துக்கம் விசாரிக்க வந்த பெண் வீட்டாருக்கு முன்னால் மினுங்குகிற கவுனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "இதுதான் உடுப்பு," என்றார்.

நாலாவது சம்பந்தமும் போய்விட்டது என்று நான் தலையில் கைவைத்தேன்.

ஜம்புநாதன் எழும்பினார். "சந்திரா, வா போவம்."

சந்திரவதனா எழும்பவில்லை. கவுனின் கீழ்க்கரையைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்தா. "இவ்வளவு கொசுவத்தையும் அயன் பண்ண எவ்வளவு நேரம் எடுத்தது?"

"இரண்டரை மணித்தியாலம்."

"ம்," என்றா. பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, ஒரு தேத்தண்ணி தருவியளோ?"

நாலு ரவுடிகளும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு குசினிக்குள் ஓடினோம். திரும்பி வந்தபோது ஜம்புநாதன் கதவடியில் கோட்டோடு நின்றார். தங்கை அவசரப்படாமல் குடித்தா. குடித்து முடித்து, "நாளைக்கு நாடகம் எத்தினை மணிக்கு?" என்று யோகலிங்கத்திடமே கேட்டா. அதன் பிறகுதான் ஜம்புநாதன் கோட்டைக் கழற்றினார். அவருக்கும் ஒரு தேத்தண்ணி, இரண்டு சீனி.

அடுத்த நாள் நாடகத்துக்கு வந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஜம்புநாதன் கையைக் கட்டிக்கொண்டு, ஆசுப்பத்திரிச் செய்தியை எதிர்பார்க்கிறவர் மாதிரி இருந்தார். ரோசா பாடியபோது பின்வரிசைப் பெடியன்கள் விசில் அடித்தார்கள். நான் குண்டு பட்டு விழுந்து உருக்கமாகச் செத்துக்கொண்டிருக்கையில், ரோசா குனிந்து அழவேண்டிய இடத்தில் என் காற்சட்டை மடிப்பை நேராக்கினா. என் சாவைக் கெடுத்த அந்தச் சிரிப்பில் ஜம்புநாதனின் சத்தமும் கேட்டது.

கலியாணம் பேசியபடி தையில் நடந்தது. கலியாணப் படங்களில் மாப்பிள்ளைக்கு அரைமீசைதான். பங்குனியில் அம்மாவின் கடிதம் வந்தது, கோழிகள் நலம், தானும் நலம் என்று. தொண்ணூற்றாறில் அந்த மனிசி லண்டனுக்கே வந்து சேர்ந்துவிட்டா. யோகலிங்கம் இப்போது சட்டனில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். இரண்டு பெண்பிள்ளைகள். பள்ளிக்கூடத்து உடுப்பில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் சாமிப்படத்தில் நிற்கிறவர்கள் மாதிரி ஒரு சுருக்கம் இருக்காது. மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தது தானென்று ஜம்புநாதன் கண்ட இடமெல்லாம் சொல்லித் திரிகிறார். நான் வாய் திறப்பதில்லை.

போன மாதம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சந்திரவதனாவிடம் கேட்டேன். ஏழு வருடமாக எனக்குள் கிடந்த கேள்வி. நேர்த்தி என்ற பொய்யை எல்லாரும் நம்பியிருந்தால் இன்னும் சுகமாக முடிந்திருக்கும் அல்லவா?

சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னா:

"அண்டைக்குக் கலியாணத்தை ஒரு வருசம் தள்ளுவம் எண்டு அண்ணை சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ளை சந்தோசம், மூர்த்தியண்ணை. அரை மணித்தியாலம் பாத்த மனிசனை எப்பிடிக் கட்டுறது? ஒரு வருசம் கிடைச்சா ஆள் எப்பிடியெண்டு பாக்கலாம் எண்டு நினைச்சன். பிறகு பத்து நிமிசத்துக்குள்ளை, தாய் செத்திட்டா எண்டு நிலத்திலை விழுந்ததையும் பாத்தன், தாய் இருக்கிறா எண்டு எழும்பினதையும் பாத்தன், நீங்கள் எடுத்துக் குடுத்த பொய்யை வேண்டாமெண்டதையும் பாத்தன். வருசம் முழுக்கப் பாத்தாலும் இதைவிட என்னத்தைக் காணப்போறன்?"