வழியனுப்பிய தம்ளர்

அவளுக்கு நோயாளிகள் வைத்த பெயர் தலையணை அக்கா. எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் ஐந்தாறு சின்னத் தலையணைகளைச் சுமந்துகொண்டுதான் போவாள். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று என்று செருகிவிட்டால் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குப் புண் வராது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனவள், பிறகு பயிற்சி எடுத்து, வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தாள். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது; நிலைக்கவில்லை. யாராவது கிளறினால், "அது ஒரு டூட்டி, பாதியிலேயே கேன்சலாயிடுச்சு" என்பாள். தங்கை வீட்டு முன்னறையில் அவளுக்கு ஒரு கட்டில். தங்கை புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்.

அவள் பார்த்துக்கொண்டவர்களில் ஒரு வெளிநாட்டுக்கார அம்மாவும் உண்டு. கடல்கள் பல தாண்டி இருக்கும் நாடு. அங்கிருந்து கோதுமை வரும். இங்கிருந்து தோல் போகும். அந்த வியாபாரத்தைக் கவனிக்க அந்த நாடு இங்கே ஓர் அலுவலகம் வைத்திருந்தது. அதன் தலைவரைப் பிரதிநிதி என்பார்கள். அவர் மனைவிக்குத்தான் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய், கடைசியில் ஒழுங்காக விழுங்கும் சக்தியும் போயிற்று.

தண்ணீர் மாதிரி ஓடுகிற எதுவும் அந்தத் தொண்டையில் வழிதவறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நமக்கென்றால் புரை ஏறும், இருமித் தள்ளிவிடுவோம். அந்த அம்மாவுக்கு இருமலே வராது. சத்தமில்லாமல் இறங்கும். பிறகு காய்ச்சல், அதற்குப் பிறகு மூச்சுத் திணறல். அதனால் வெறும் தண்ணீரைக்கூட கெட்டியாக்கும் மாவு கலந்து, கரண்டியைச் சாய்த்தால் தேன் போல விழும் பதத்தில், மோவாயைத் தாழ்த்தி வைத்து, கரண்டி கரண்டியாகத்தான் ஊட்டவேண்டும்.

அந்த அம்மா அதை வெறுத்தார். இடது கையால் மேஜையில் இருக்கும் கண்ணாடித் தம்ளரைக் காட்டிக் காட்டிக் கெஞ்சுவார்.

"அது வேணாம்மா. அது உங்களுக்குத் தண்ணியில்ல, விஷம்," என்பாள் அக்கா.

ஒரு தடவை வாயில் ஊட்டியதை அப்படியே அவள் முகத்தில் துப்பிவிட்டார். அவள் துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை நீட்டினாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு நாள்கூடக் காய்ச்சல் அண்டாமல் ஓட்டினாள். அவள் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று.

அப்போதுதான் வண்டு வந்தது. கப்பலில் வந்த கோதுமையில் வண்டு இருக்கிறது என்று இங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். வண்டு உங்கள் கிடங்கில்தான் ஏறியது என்றது அந்த நாடு. பதிலுக்கு, போன தோலை இறக்கவிடாமல் கடலிலேயே நிறுத்திவைத்தது. தோல் நாறியது. பிறகு பேச்சும் நாறியது. கப்பல் போக்குவரத்து நின்று, கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு சும்மா நின்றன.

"வண்டு எந்த ஊர் பாஸ்போர்ட்டு வச்சிருக்குன்னு இவங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள எங்க அடுப்பு அணைஞ்சிடும்," என்றான் தங்கை புருஷன். "உங்க மொதலாளிகிட்ட கேளுங்கக்கா, எப்பத்தான் முடிப்பாங்களாம்?"

"என் மொதலாளி அந்தம்மாவோட தொண்டதான் மாப்பிள்ள. அதுக்குக் கோதுமையும் தெரியாது, தோலும் தெரியாது."

"எதிரி வீட்டுத் தொண்டன்னு தெருவுல பேசிக்கிறாங்க."

"பேசுறவங்களுக்கெல்லாம் நல்லா விழுங்க வருதில்ல? சந்தோஷம்."

கெட்டியாக்கும் மாவு அந்த நாட்டிலிருந்து பார்சலில் வந்துகொண்டிருந்தது. அதுவும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. அவள் சோளமாவைக் காய்ச்சி ஆறவைத்துப் பதம் பார்த்தாள். எச்சில் பட்டால் அது நீர்த்துவிடும் என்பதால் வேளாவேளைக்குக் கொஞ்சமாகப் புதிதாய்க் காய்ச்சினாள். சமாளித்துவிட்டாள்.

அவளால் சமாளிக்க முடியாதது அடுத்து வந்தது. அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரும் ஊர் திரும்பவேண்டும் என்று உத்தரவு. அவளுக்கு அங்கே போக விசா கிடையாது. வழியில் அந்த அம்மாவுக்கு ஊட்டவேண்டியவர் புருஷன்தான்.

சமையலறையில் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தன்னையே நோயாளியாக வைத்துக்கொண்டு ஊட்டச் சொன்னாள். மனிதர் நன்றாகவே கற்றுக்கொண்டார். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர்; அச்சடித்த மாதிரி பேசுவார்.

"மோவாய் தாழ்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். சரியா?"

"சரி சார். இன்னொண்ணு. வழியில யாரு எதக் குடுத்தாலும் வேணாம்னு சொல்லிடணும். தண்ணி, ஜூஸ், எதுவானாலும்."

அவர் சிரித்தார். "என் தொழிலில் அந்தச் சொல்லே கிடையாது, அம்மா. 'பரிசீலிக்கிறோம்' என்றுதான் சொல்வோம். பேச்சுவார்த்தை முறிந்தாலும், எதிர்த்தரப்பு நீட்டும் தம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். குடிக்காமல் வைத்துவிட்டால் உறவு அறுந்தது என்று பொருள்."

"நீங்க குடிங்க சார், எத்தன தம்ளர் வேணும்னாலும். அவங்களுக்கு வேணாம். எங்க, சொல்லுங்க பாப்போம்."

"வேண்டாம்," என்றார் அவர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

விமான நிலையத்தில் அவளைக் கண்ணாடிக் கதவோடு நிறுத்திவிட்டார்கள். சக்கர நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு போனார். தோளில் தொங்கிய பையில் டப்பா, கரண்டி, காய்ச்சிய மாவு எல்லாம் இருந்தன. உள்ளே, இத்தனை வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவரோடு பேரம் பேசிய நம் அதிகாரி காத்திருந்தார். போட்டோக்காரர்களும் இருந்தார்கள். தட்டில் பழச்சாறு வந்தது. இரண்டு ஆண்களும் தம்ளரைத் தூக்கி, குடித்து, வைத்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அதிகாரி மரியாதை தெரிந்தவர். அவரே ஒரு தம்ளரை எடுத்து, நாற்காலி அருகே குனிந்து, அந்த அம்மாவிடம் நீட்டினார். கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின.

பிரதிநிதி கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா இரண்டு கையையும் ஆட்டினாள், தலையை ஆட்டினாள், கதவை அறைந்தாள். காவலாளி அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "என்னம்மா, பைத்தியமா?"

அதிகாரி நீட்டிய கை அப்படியே நின்றது. பிரதிநிதி தம்ளரை வாங்கினார். வாங்கி, மனைவியின் உதட்டில் வைத்தார்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை. இருமவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான். பல நாள் கழித்து, தங்கையின் போனுக்கு அழைப்பு வந்தது.

"என் மனைவி இறந்துவிட்டார். நுரையீரலில் நோய்த்தொற்று," என்றார் பிரதிநிதி. "மருத்துவர்கள் பலவாறு சொல்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள். அந்தத் தம்ளரா?"

பக்கத்தில் நின்ற தங்கை, இல்லையென்று சொல் என்று கையைக் காலை ஆட்டினாள். பொய் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. செத்தவர் செத்தாயிற்று, அந்த வீட்டில் இனி ஊட்ட ஆளும் இல்லை.

"ஆமா சார்," என்றாள் அக்கா.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரு வருஷமா என்கிட்ட அவங்க கேட்டது அதுதான் சார். நான் குடுக்கல."

"நன்றி," என்றார் அவர். வைத்துவிட்டார்.

"ஏன்க்கா, இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்று தங்கை பாய்ந்தாள்.

"அவருக்குத் தெரியும்டி. தெரிஞ்சுதான் கேட்டாரு. நானும் மழுப்புனா அப்புறம் அவர் யார்கிட்ட போய் கேப்பாரு?"

பருவம் மாறியதும் கப்பல்கள் வந்தன. தங்கை புருஷன் மறுபடி கிரேனில் ஏறினான். முதல் நாள் வேலை முடிந்து முகமெல்லாம் கோதுமைத் தூசியோடு சந்தோஷமாக வந்தான்.

"அந்த போட்டோவாலதான் மறுபடி பேச்சே ஆரம்பிச்சுதாம் அக்கா. அந்தம்மா மட்டும் குடிக்கலன்னா கதவ அடைச்சிருப்பாங்களாம். துறைமுகம் பூரா இதே பேச்சு."

அவள் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அப்படியா? அடுத்த தடவ வண்டு வந்தா யாரக் குடிக்க வைக்கப் போறாங்களாம்?"

அவன் முகம் கழுவப் போனான். இரவு எல்லோரும் சாப்பிட்டார்கள்; அவளும் சாப்பிட்டாள்.

மறுவாரம் இன்னொரு வீடு. இந்த முறை விழுங்க முடியாத ஒரு பெரியவர். தலையணைகளை இறக்கிவைத்ததும் அவள் செய்த முதல் காரியம், அந்த அறையில் இருந்த தம்ளர்களையெல்லாம் பொறுக்கி அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதுதான்.

"யாராவது பெரிய மனுஷங்க பாக்க வந்தா எதுலங்க குடுக்கறது?" என்றாள் அந்த வீட்டு மருமகள்.

"வெளியில வச்சுக் குடுங்க," என்றாள் அக்கா. "உள்ள கரண்டி மட்டும்தான்."