கண்டென்சர் பதிவும் வீரசோழன் இணைப்பும்

அருப்புக்கோட்டையில் அண்ணனும் நானும் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறோம். வேலை குறைந்த மதியங்களில் நான் ஒரு வலைப்பூ எழுதுவேன். கிணற்று மோட்டார் ஏன் உறுமுகிறது, எதை வீட்டிலேயே சரிபார்க்கலாம், எதற்குக் கடைக்கு வர வேண்டும் என்றெல்லாம் படம் போட்டு எழுதுவேன்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “ஏலே, எல்லாத்தையும் நீயே சொல்லிக் கொடுத்துட்டா நம்ம கடைக்கு எவன் வருவான்?” என்பார்.

“படிக்கவே ஆள் இல்லண்ணே” என்பேன். உண்மையும் அதுதான்.

யாராவது தங்கள் வலைப்பூவில் நம் பதிவுக்கு இணைப்புக் கொடுத்தால், அந்தச் செய்தி தானாகவே நம் பதிவுக்கடியில் வந்து அனுமதிக்காகக் காத்திருக்கும். பிங்பேக் என்பார்கள். எனக்கு வந்ததெல்லாம் ஏதோ வெளிநாட்டு மாத்திரைக் கடைகளின் குப்பை. மொத்தமாகக் குறியிட்டு அழித்துவிடுவேன். அன்றும் அழிக்கத்தான் விரலை வைத்தேன். நடுவில் இரண்டு வரி தமிழில் இருந்தது.

‘...இவர் எழுதியதை நம்பித்தான் கண்டென்சரைக் கழற்றப் போனேன். கையை வைத்ததும்...’

அதோடு அறுந்திருந்தது. அழிப்பதை விட்டுவிட்டு இணைப்பைத் தட்டினேன்.

வீரசோழன் பக்கம் பருத்தி போட்டிருக்கும் ஒரு பெண்ணின் வலைப்பூ அது. கணவர் வளைகுடாவில். காய் பிடிக்கும் நேரத்தில் மோட்டார் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. மெக்கானிக் மூன்று நாள் கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். உறுமியும் சுற்றாவிட்டால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சரை மாற்றிப் பார்க்கலாம் என்ற என் பதிவைப் படித்து, மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்திருக்கிறார். கண்டென்சரைத் தொட்டதும் கை வெட்டி இழுத்து, வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போனில் கேட்டு, புதுக் கண்டென்சர் மாட்டித் தண்ணீர் பாய்ச்சிவிட்டார். கடைசியில் இப்படி முடித்திருந்தார்: ‘நல்ல பதிவு. ஆனால், மெயினை அணைத்த பிறகும் கண்டென்சருக்குள் கரண்ட் நிற்கும் என்ற ஒரு வரி மட்டும் இல்லை.’

கடையில் நாங்கள் பல்பு மாட்டிய வயரின் இரு முனையையும் கண்டென்சரில் தொடவைத்து அந்தக் கரண்டை இறக்கிவிட்டுத்தான் தொடுவோம். கைப்பழக்கம். அதனாலேயே எனக்கு எழுதத் தோன்றவில்லை. ஒரு மனுஷிக்கு உயிர் போயிருக்கலாம்.

திட்டு வாங்கத் தயாராகி அண்ணனிடம் போனை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

“மொதல்ல அந்த வரிய எழுதுலே” என்றார். அவரே பல்பு வயரைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினார். நான் படம் எடுத்தேன். பதிவின் உச்சியிலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டேன். தவறைக் காட்டியவர் இவர் என்று அவர் பதிவுக்கு இணைப்பும் கொடுத்தேன். வெளியிட்டதும் அந்தச் செய்தி தானாக அவர் பக்கம் போய்ச் சேர்ந்தது. அரை மணி நேரத்தில் என் பதிவுக்கடியில் அவருடைய பதில் வந்தது.

“அண்ணே, கோவிச்சுக்குவீகன்னு நெனச்சேன். திருத்திட்டீக!”

“கை இப்ப எப்படிம்மா இருக்கு?”

“கை நல்லாருக்குண்ணே. தண்ணி அதைவிட நல்லாப் பாயுது.”

அதன் பிறகு மோட்டார் பேச்சு வந்தால் அவர் என்னைக் காட்டுவார். பாசனம் பேச்சு வந்தால் நான் அவரைக் காட்டுவேன். அவரைப் படித்தவர்கள் என்னிடம் வந்தார்கள். என் பதிவுகளுக்கடியில் கேள்விகள் குவிந்தன. எம்.ரெட்டியபட்டியில் ஒரு மகளிர் குழு, இரண்டு பேருக்கும் சேர்த்து இணைப்புக் கொடுத்து எழுதியது: ‘இரண்டு பேரும் எங்கள் ஊருக்கு வந்து சொல்லித்தர முடியுமா?’

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அண்ணனே இரண்டு பழைய மோட்டாரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றுதான் அந்த வீரசோழன் பெண்ணை முதன்முதலாக நேரில் பார்த்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து கையில் டெஸ்டரோடு இறங்கி, “அண்ணே, வந்துட்டீகளா?” என்றார், பலநாள் பழகியவர்போல.

சர்ச் வளாகத்தில் இருபது பெண்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேச வாயெடுக்கும் முன் அவர் எழுந்தார். “மொதல்ல மெயினு. அப்புறம் பல்பு. அதுக்கப்புறந்தான் கை. எங்க, சொல்லுங்க!” கூட்டம் திருப்பிச் சொன்னது. அவர் மறுபடி கேட்டார். இந்த முறை வளாகமே அதிர்ந்தது.

கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மா முன்னால் வந்தார். மெயினை அணைத்தார், பல்பு வயரைக் கண்டென்சரில் வைத்துக் கரண்டை இறக்கினார், பழைய கண்டென்சரைக் கழற்றிப் புதியதை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு வேகம் பிடித்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது என் அண்ணன்.

அந்த அம்மா வேர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் திரும்பினார். “இன்னொரு தடவ கழட்டி மாட்டவா, சாமி?”

“மாட்டுங்கத்தா” என்றார் அண்ணன். அந்த அம்மா மூன்று தடவை கழற்றி மாட்டினார். மூன்று தடவையும் ஓடியது.